ராட்டினத்து அச்சாணிகள்

குறிச்சியில் உருக்கைச் சுட்டு எண்ணெயில் குளிப்பாட்டும் பட்டறை ஒன்று உண்டு. அக்கம்பக்கத்து லேத்துகளில் கடைந்த சாமான்கள் அங்கே மெத்தென்று வந்து சேரும். இரண்டு உலைகளைக் கடந்து கெட்டியாகித் திரும்பிப் போகும்.

முதல் உலை சாமானைத் தீயாகச் சிவக்க வைக்கும். சிவந்ததை அப்படியே எண்ணெயில் இறக்கினால் இறுகிவிடும். ஆனால் அது கண்ணாடியின் கெட்டி; கைதவறிப் போட்டால் உடைந்துபோகும். அதனால் இரண்டாம் உலையில் மிதமான சூட்டில் இரண்டு மணி நேரம் வைப்பார்கள். கெட்டி கொஞ்சம் இறங்கும். உடையாத குணம் வந்து சேரும்.

அந்த இரண்டாம் உலையைத்தான் துளசிமணி பதினொரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தேழு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். உலைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் டீ வந்தாலும் எழ மாட்டாள். உள்ளே எட்டிப் பார்க்கக் கதவைத் திறந்தால் சூடு இறங்கிவிடும் என்று முதல் நாள் யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து அவள் அந்தக் கதவைப் பார்ப்பாளே தவிரத் தொட மாட்டாள்.

உலையை விட்டு எழுந்தால் அவள் வேறு ஆள். காலையில் வீட்டைப் பூட்டி பஸ் ஸ்டாப் வரை வருவாள். கேஸை மூடினோமா என்று ஒரு எண்ணம் வரும். திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பஸ் வரும் நேரத்தில் மறுபடியும் அதே எண்ணம். ஒரு வருஷத்தில் ரெகுலேட்டரின் குமிழ் தளர்ந்து, மூடினாலும் சரியாக மூடாமல் போனது.

"கேஸ் ஒழுகுமோன்னு பயந்து பயந்தே ஒழுக வச்சுட்டியே ஆத்தா," என்றார் அவள் வீட்டுக்காரர். புது ரெகுலேட்டர் வந்தது. அதையும் அவள் இரண்டு முறைதான் திருகிப் பார்த்தாள், ஒவ்வொரு நாளும்.

பட்டறையின் சோதனைக் கூடத்துக்கு ஜெனோவா பொறுப்பு. நாகர்கோவில் பக்கத்துப் பெண். உலோகவியல் படித்தவள். முப்பத்தோரு வயதுதான். ஆனால் தாய் வயதுக்காரர்களும் தகப்பன் வயதுக்காரர்களும் சந்தேகம் என்றால் அவளிடம்தான் போவார்கள். கேட்டதற்கு வாயால் பதில் சொல்வது அவளுக்குக் குறைவு. கையில் எதையாவது எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். நாலு பேர் இருக்கும்போது துளசிமணி அவளை மேடம் என்பாள். தனியாக இருந்தால் அம்மணி.

சாமான்களைச் சோதித்து அனுப்பிக்கொண்டிருந்தவர் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஜெனோவா துளசிமணியைக் கேட்டாள். பட்டறையே வாயைப் பிளந்தது.

"மேடம், அந்தம்மாவைப் போட்டா ஒரு சாமானும் வெளிய போகாதுங்க. வாசல் வரைக்கும் போயி மூணு தடவை திரும்பி வரும்," என்றான் எண்ணெய்த் தொட்டிக்காரன்.

ஜெனோவா மேசை டிராயரைத் திறந்து, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு உருக்குத் துண்டை எடுத்துத் துளசிமணியிடம் காட்டினாள். அதன் முனையில் 'து' என்று ஒரே எழுத்து, தலைகீழாகச் செதுக்கியிருந்தது. சுத்தியலால் தட்டினால் சாமானின் தலையில் அந்த எழுத்து பதியும்.

"முதல் லாட்டுச் சாமான் நல்லபடியா வெளிய போகட்டும் அக்கா. இதை உங்க கையில தாறேன்," என்றாள். திரும்பவும் டிராயரில் வைத்து மூடினாள்.

துளசிமணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. பதினொரு வருஷமாக அவள் பதமாக்கிய உருக்கு எந்தெந்த ஊரிலோ சுற்றிக்கொண்டிருக்கிறது. பம்பில், டிராக்டரில், பஞ்சு மில்லில். எதிலும் அவள் கை பட்டதாக ஒரு அடையாளம் கிடையாது. அந்த ஒற்றை எழுத்தின் மேல் அவளுக்கு வந்த ஆசையை வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

வந்த முதல் லாட்டு ராட்டினத்து அச்சாணிகள்.

கொண்டுவந்தவர் சூலூர் அமீர்ஜான். திருவிழாவுக்குத் திருவிழா ராட்டினம் போடுகிறவர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் மைக் வைத்த மாதிரி.

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாதும்பாங்க. தேருக்காச்சும் நாலு சக்கரம், நாலு ஆணி. எனக்கு இருபத்துநாலு தொட்டில், தொட்டிலுக்கு ரெண்டு, நாப்பத்தெட்டுங்க," என்றார். "பழசெல்லாம் தேஞ்சுபோச்சு. வெள்ளிக்கிழமை மாரியம்மன் நோம்பி தொடங்குது. வியாழக்கிழமை குடுத்துடுங்க. குழந்தை குட்டியெல்லாம் ஏறுவாங்க, பார்த்துச் செய்யுங்க."

கடைசியாகச் சொன்னதை அவர் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். துளசிமணியின் காதில் அது மட்டும்தான் விழுந்தது.

கட்டைவிரல் தடிமனில், ஒரு சாண் நீளத்தில் அறுபது அச்சாணிகள். நாற்பத்தெட்டு போக, மாற்றாக வைத்துக்கொள்ள ஒன்பது. சோதனைக்கு மூன்று. எல்லாம் முதல் உலையில் சிவந்து, எண்ணெயில் இறங்கி, இரண்டாம் உலைக்கு வந்தன. அந்த இரண்டு மணி நேரமும் துளசிமணியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஜெனோவா வெளியூர் கிளம்பினாள். போகும்போது சொன்னாள்.

"கூடையில மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணு எடுங்க. ஒண்ணை மெஷின்ல அழுத்தி எத்தனை கெட்டின்னு பாருங்க. ஒண்ணை அறுத்து எனக்கு வைங்க. ஒண்ணைச் சும்மா வைங்க, வளைச்சுப் பாக்கணும். மத்ததுல கை வைக்க வேண்டாம்."

"ஏனுங்க அம்மணி, மூணைப் பார்த்தா மீதி அம்பத்தேழும் நல்லா இருக்கும்னு எப்படிங்க தெரியும்?"

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்."

"சோறு வேகலைன்னா வயித்துவலியோட போயிடும். இதுல சனம் தொங்குதுங்க."

ஜெனோவா சிரித்துவிட்டுப் படியிறங்கினாள். துளசிமணிக்கு அது பதிலாகவே படவில்லை.

கெட்டி பார்க்கும் மெஷினில் ஒரு வைர முனை இருக்கும். சாமானை அடியில் வைத்து நெம்பினால் முனை இறங்கி அழுத்தும். எவ்வளவு ஆழம் இறங்கியதோ அதை வைத்து முள் ஒரு எண்ணைக் காட்டும். முனை எழுந்தபின் சாமானில் பாதி ராகி அளவுக்கு ஒரு புள்ளி மிஞ்சும். அவ்வளவுதான். அதை யார் பார்க்கப்போகிறார்கள்.

முப்பத்துநாலுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில் வந்தால் நல்லது. முதல் அச்சாணி முப்பத்தாறு காட்டியது. துளசிமணி மாரியாத்தாவைக் கும்பிட்டுக்கொண்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கூடையின் மூலையில் ஒன்று தனியாகச் சாய்ந்து நின்றது. மூலையில் சூடு சரியாகப் போயிருக்குமா? எடுத்து வைத்தாள். முப்பத்தாறு. அதற்குப் பக்கத்தில் இருந்தது? முப்பத்தைந்து. அடுத்தது முப்பத்துமூன்று.

அடியில் கரி ஒட்டியிருந்ததைத் துடைத்து மறுபடியும் அழுத்தினாள். முப்பத்தாறு. இப்போது எதை நம்புவது? மூன்றாம் முறை அழுத்தினாள். முப்பத்தாறு. ஒன்றுக்கு மூன்று முறை பார்த்தால்தான் சரி என்று அந்த இடத்தில் ஒரு முடிவுக்கு வந்தாள்.

இன்னொன்றும் யோசித்தாள். அச்சாணியின் தலைப் பக்கத்திலேயே அழுத்துகிறார்களே, தொட்டில் தொங்குவது நடுவில் அல்லவா? பாரம் வருகிற இடத்தைப் பார்க்காமல் வராத இடத்தைப் பார்த்து என்ன பிரயோஜனம்? எட்டாவது படித்தவளுக்குத் தெரிந்தது இத்தனை நாள் இவர்களுக்குத் தெரியவில்லையே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஐம்பத்தேழு அச்சாணிகளையும் நடுவில் மூன்று மூன்று முறை அழுத்தினாள். எல்லாவற்றையும் நோட்டில் கோடுபோட்டு எழுதினாள். மத்தியானச் சாப்பாட்டையே மறந்துபோனாள். ஐந்து மணிக்கு நோட்டை மூடியபோது அவள் நெஞ்சு அப்படி லேசாக இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவ்வளவு நிம்மதியாகப் பஸ் ஏறியதில்லை. அன்றைக்குக் கேஸ் ஞாபகமே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஜெனோவா கூடையிலிருந்து ஒரு அச்சாணியை எடுத்தாள். கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே போனாள். நடுவில் விரல் நின்றது.

"இது என்னதுக்கா?"

"பார்த்தது தானுங்க."

இன்னொன்றை எடுத்தாள். அதிலும் விரல் நின்றது. மூன்றாவது, நாலாவது.

"எல்லாமா?"

"எல்லாம்தானுங்க. மும்மூணு தடவை. எல்லாமே முப்பத்தஞ்சு, முப்பத்தாறுங்க அம்மணி, நோட்டைப் பாருங்க!"

ஜெனோவா நோட்டைப் பார்த்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு இடத்திலும் அடித்தல் இல்லை.

"எழுத்து நல்லா இருக்கு அக்கா," என்றாள். "வளைக்கச் சொன்னேனே, அது?"

"அதை நீங்க சும்மா வைக்கச் சொன்னீங்க. சும்மா வச்சுட்டனுங்க."

அது ஒன்றுதான் புள்ளி படாமல் தப்பியிருந்தது.

சோதனைக் கூடத்தின் மூலையில் ஒரு பழைய மெஷின். அச்சாணியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மறு நுனியில் எடையைத் தொங்கவிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றச் சுற்ற உருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வளைந்து வளைந்து நிமிரும். இரட்டைத் தலை மெஷின் என்பதால் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடலாம். ஜெனோவா ஒரு தலையில் புள்ளி படாததை மாட்டினாள். மறு தலையில் துளசிமணியின் கூடையிலிருந்து கைக்கு வந்த ஒன்றை மாட்டினாள். இரண்டுக்கும் ஒரே எடை. பொத்தானை அமுக்கினாள். ஆட்டுக்கல் சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம் தொடங்கியது.

"அது ஓடட்டும். நீங்க இங்க வாங்க."

அறுத்து வைத்த அச்சாணித் துண்டை ஜெனோவா கண்ணாடியாகத் தேய்த்து, மேலே ஒரு சொட்டு அமிலம் விட்டுக் கழுவி எடுத்து வைத்தாள். முன்பே தேய்த்து வைத்திருந்த வேறொரு துண்டை முதலில் மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தாள்.

"இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"அதெல்லாம் நான் எங்கீங்க பார்த்தேன். தொட்டா ஒடஞ்சுறும்னு இந்தப் பக்கமே வரமாட்டேன்."

துளசிமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு, கழற்றியது எதற்கு என்று யோசித்து, மறுபடியும் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஜெனோவா ஒரு திருகைத் திருகினாள். திடீரென்று தெளிந்தது. உள்ளே ஒரே முள்ளாக இருந்தது. கருவேல முள்ளை வெட்டிக் குவித்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தது.

"அய்யோ, என்னங்க அம்மணி இது? இரும்புக்குள்ள முள்ளு!"

"இது நம்ம அச்சாணி இல்லை. போன மாசம் எண்ணெயில இருந்து எடுத்த சாமான். உங்க உலைக்கு வராம என்கிட்ட வந்தது. இப்போ இதைப் பாருங்க."

துண்டை மாற்றினாள். துளசிமணி பார்த்தாள். அதே முள்தான். ஆனால் ஒரு மழைக்காலம் முழுக்க மேலே பெய்த மாதிரி இருந்தது. கூர் இல்லை. ஒன்றோடொன்று முறைத்துக்கொண்டு நிற்காமல், சாய்ந்து படிந்து, கோரைப்பாய் மாதிரி நெருக்கமாகக் கிடந்தது.

"இது?"

"நேத்து நீங்க சோதிச்ச அச்சாணிக்கூடப் பொறந்தது."

"முள்ளை எல்லாம் யாருங்க இப்படிப் படுக்க வச்சது?"

"நீங்கதான். ரெண்டு மணி நேரம் ஸ்டூல்ல உக்காந்தீங்களே."

துளசிமணி தலையை எடுக்கவில்லை. மற்றொரு மூலைக்கு நகர்த்தச் சொன்னாள். அங்கேயும் அப்படியே. இன்னொரு மூலை. அங்கேயும். பதினொரு வருஷமாக மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் பார்த்தாள். மூக்கு நுனியில் வேர்த்துக் கொட்டியது. அவள் துடைக்கவில்லை.

"எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்குதுங்க," என்றாள்.

"ஆமா."

"எந்த மூலையிலயும் விட்டுப்போகலீங்க."

"ஆமா."

அப்போது பின்னால் டக்கென்று ஒரு சத்தம். மெஷினின் ஒரு தலை நின்றுபோயிருந்தது. மற்றது ஓடிக்கொண்டிருந்தது.

முறிந்தது புள்ளி வைத்த அச்சாணி. ஜெனோவா இரண்டு துண்டையும் கழற்றித் துளசிமணியின் கையில் கொடுத்தாள். முறிந்த இடம் சூடாக இருந்தது. ஓரத்தில் அந்த ராகிப் புள்ளி. அதிலிருந்து உள்பக்கமாக, குளத்தில் கல்லைப் போட்டால் கிளம்புமே, அப்படி வளையம் வளையமாகக் கோடு போயிருந்தது. போய்ப் போய் ஒரு இடத்தில் தாங்காமல் பிய்ந்திருந்தது.

துளசிமணி அந்தக் கோடுகளை நகத்தால் எண்ணினாள்.

"கெட்டி முப்பத்தாறு தானுங்களே?"

"முப்பத்தாறேதான்."

"அப்போ நல்ல சாமான் தானுங்களே?"

"நல்ல சாமான்தான் அக்கா. நேத்துக் காலையில வரைக்கும்."

டிராயர் இருந்த பக்கம் துளசிமணியின் கண் தானாகப் போய் வந்தது. துண்டு இரண்டையும் மேசைமேல் ஓசைப்படாமல் வைத்தாள்.

"நான் உலைக்கே போயிடறனுங்க மேடம்," என்றாள். தனியாக இருந்தும் அம்மணி வரவில்லை.

"போங்க," என்றாள் ஜெனோவா. "இதே உருக்கு ராடு மீதி இருக்கு. பக்கத்து லேத்துக்காரர்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில அறுபது அச்சாணி வந்துரும். நீங்களே சுட்டு எடுங்க. வியாழக்கிழமை நீங்களே பாத்து அனுப்புங்க."

"நானா?"

"வேற யாரு?"

மெஷினின் மற்ற தலை சாயங்காலம் வரை ஓடியது. போகும்போது ஜெனோவா அதை நிறுத்தவில்லை. மறுநாள் காலையிலும் ஓடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை இரண்டாம் உலைக்கு முன்னால் துளசிமணி உட்கார்ந்தாள். சூட்டைக் குறித்துக்கொண்டே போகும் பேனா, காகிதத்தில் நேராகக் கோடு இழுத்தது. அவள் கதவைப் பார்த்தாள். முன்னெல்லாம் கதவு மட்டும்தான் தெரியும். இப்போது முள்ளெல்லாம் மெல்லப் படுப்பது தெரிகிற மாதிரி இருந்தது. எண்ணெய்த் தொட்டிக்காரன் டீ கொண்டுவந்து நீட்டினான்.

"என்னக்கா, கதவைப் பார்த்துச் சிரிச்சுட்டிருக்கீங்க?"

"உனக்குச் சொன்னாப் புரியாது போடா. டீயை அங்க வை."

வியாழக்கிழமை மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று எடுத்தாள். ஒன்றை அழுத்தினாள். முப்பத்தாறு. ஒன்றை அறுத்துத் தேய்த்து ஜெனோவாவிடம் கொடுத்தாள். ஒன்றை வளைக்கும் மெஷினில் மாட்டினாள். அவ்வளவுதான் வேலை. பத்தரைக்கெல்லாம் முடிந்துவிட்டது.

மீதி ஐம்பத்தேழும் கூடையில் இருந்தன. மூலையில் ஒன்று தனியாகச் சாய்ந்து நின்றது. அவளைப் பார்த்து நிற்பது போலவே இருந்தது. அழுத்தும் மெஷின் நாலடி தூரத்தில். துளசிமணி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். ஜெனோவா மைக்ராஸ்கோப்பில் குனிந்தபடியே கேட்டாள்.

"என்னக்கா, கை குளிருதா?"

"அரிக்குதுங்க."

"சொறிஞ்சா புண்ணாகும்."

"தெரியுதுங்க. அதான் மேல உக்காந்திருக்கேன்."

மத்தியானம் வரை வளைக்கும் மெஷின் ஒரே சீராகச் சுற்றியது. அதன்பிறகு ஜெனோவா டிராயரைத் திறந்தாள். 'து' என்ற எழுத்தையும் ஒரு சின்னச் சுத்தியலையும் துளசிமணியின் முன்னால் வைத்தாள்.

துளசிமணி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கையிலேயே வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"அம்மணி, இதுவும் குழிதானுங்களே?"

ஜெனோவா முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"குழிதான். அதான் பாரம் வராத தலையில குத்துறோம். ஒரே ஒரு தடவை."

ஐம்பத்தேழு தலையிலும் ஒரே ஒரு தடவை தட்டினாள். ஒன்றில் மட்டும் எழுத்து சரியாக விழவில்லை. கண்ணை இடுக்கினால்தான் தெரிந்தது. சுத்தியலை மறுபடி ஓங்கினாள். கொஞ்ச நேரம் ஓங்கியபடியே இருந்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு அமீர்ஜான் வேனோடு வந்தார். புதுக் கூடையை ஏற்றியபின் ஓரத்தில் இருந்த பழைய கூடையைப் பார்த்தார்.

"இதென்னங்க, எனக்குத் தெரியாம எனக்குத் தம்பி பொறந்திருக்கான்?"

"அது ஆகாதுங்க," என்றாள் துளசிமணி. "அதை நான் பார்த்துட்டனுங்க."

"பார்த்தா கண்ணு பட்டுச்சா?"

"அப்படித்தான்னு வைங்க."

அமீர்ஜான் ஒன்றை எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தார். "டிக்கெட் கூடாரத்துக்கு முளையடிக்க நல்லா இருக்கும்போல. போன நோம்பியில மரமுளை பிடுங்கிக்கிட்டு, கூடாரம் எம்மேலயே விழுந்துச்சு. சனம் அதையும் வேடிக்கைன்னு நெனச்சுக் கைதட்டுச்சு."

"முளைக்கு எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாள் ஜெனோவா. "ராட்டினத்துப் பக்கம் மட்டும் கொண்டு போயிராதீங்க."

சனிக்கிழமை சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும், துளசிமணியும் ஜெனோவாவும் நோம்பிக்குப் போனார்கள். துளசிமணி பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒரு தடவைதான் வீட்டுக்குத் திரும்பினாள். திடலில் நுழைந்ததும் டிக்கெட் கூடாரம். அதன் கயிறுகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவளுடைய பழைய அச்சாணிகள் மண்ணில் கழுத்துவரை இறங்கி நின்றன. துளசிமணி காலால் ஒன்றை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"நல்லாத்தான் நிக்குதுக," என்றாள்.

ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே வரும்போது குழந்தைகள் கூச்சல் காதைப் பிளந்தது. மேலே போகப்போகத் தேய்ந்தது. துளசிமணி முதலில் ஒவ்வொரு தொட்டிலாகப் பார்த்து எண்ணினாள். இருபத்துநாலும் இருந்தது. மறுபடி எண்ணப் போனவள் பாதியில் விட்டுவிட்டாள். முந்தானையில் முடிந்திருந்த கடலையை எடுத்து ஜெனோவாவுக்குப் பாதி கொடுத்தாள்.

அமீர்ஜான் அவர்களைப் பார்த்துவிட்டார். மைக்கில்லாமலே திடல் முழுக்கக் கேட்டது.

"இஞ்சினீயரம்மா வந்துட்டாங்க! வழி விடுங்க! ஏறுங்கம்மா, ஏறுங்க!"

ஜெனோவா சட்டென்று ஏறி உட்கார்ந்துகொண்டாள். துளசிமணி தொட்டிலின் கம்பியைப் பிடித்தபடி கீழேயே நின்றாள்.

"நான் இங்க இருந்தே பார்த்துக்கறனுங்க."

"என்னத்தப் பாக்கப் போறீங்க? ஏறுங்க அக்கா."

ஏறினாள். கம்பிக் கதவை அமீர்ஜான் சாத்தினார். துளசிமணியின் கை அந்தக் கொண்டியைத் தேடிப் போனது; ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. ராட்டினம் அசைந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆத்தா பேரைச் சொன்னாள்.

அடுத்த தொட்டிலில் ஆள் ஏற்ற ராட்டினம் நின்றபோது அவர்கள் உச்சியில் இருந்தார்கள். காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. துளசிமணி மெல்லக் கண்ணைத் திறந்தாள். குறிச்சிக் குளம் வெயிலில் தகடு மாதிரிக் கிடந்தது. அதற்கு அப்பால், பட்டறைகளின் கூரைகளுக்கு நடுவில், அவர்கள் பட்டறையின் புகைக்குழாய் விரல் நீளத்தில் தெரிந்தது.

தொட்டில் மெதுவாக முன்னும் பின்னும் ஆடியது. தலைக்கு மேலே கிறீச்சென்று ஒரு சின்னச் சத்தம். துளசிமணி அண்ணாந்தாள். தொட்டிலைத் தாங்கிக்கொண்டிருந்த அச்சாணியின் தலை தெரிந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தாள். மங்கலாக ஒரு 'து'.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அம்மணி, நம்மளைத் தாங்கிட்டிருக்கிற இதை யாருங்க சோதிச்சது?"

ஜெனோவா கடலையின் தோலை ஊதிக் காற்றில் விட்டாள்.

"யாரும் சோதிக்கல அக்கா. அதனாலதான் ஏறினேன்."